டிரைவ் காணோமா? 'ஃபார்மட்' கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. அன்றைக்கு பிளஸ் 2 படித்து முதல் லேப்டாப்பை வாங்கியவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். வேலை, கல்யாணம், குழந்தை என்று அவர்கள் வாழ்க்கை எங்கேயோ போய்விட்டது. ஆனால் அந்த லேப்டாப் மட்டும் பல வீடுகளில் அலமாரிக்குள் அப்படியே இருக்கிறது. பேட்டரி செத்திருக்கும், சார்ஜரைச் சொருகினால்தான் ஓடும். ஆனாலும் ஓடும். காலேஜ் டூர் போட்டோ, தங்கச்சி கல்யாண ஆல்பம், அப்பாவின் பழைய கணக்கு எல்லாம் அதில்தான் கிடக்கிறது.

இப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டரில் அடிக்கடி வரும் பிரச்னை இரண்டு. ஒன்று, ஹார்ட் டிஸ்க்கையோ பென் டிரைவையோ சொருகினால் டிரைவ் தெரியாது. இல்லையென்றால் நேற்று வரை ஈ டிரைவாக இருந்தது இன்று எஃப் என்று வந்து நிற்கும். இன்னொன்று, டெஸ்க்டாப் ஐகான்கள் காணாமல் போகும் அல்லது வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். இரண்டுமே பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபைலுக்கு எதுவும் ஆகியிருக்காது. நிஜமான சேதம், இதைச் சரிசெய்கிறேன் என்று 'ஃபார்மட்' பட்டனை அழுத்தும்போதுதான் நடக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடாக இருக்கட்டும், சிதம்பரம் தேரோடும் வீதிகளாக இருக்கட்டும், சர்வீஸ் கடையில் லேப்டாப்பை வைத்ததும் வரும் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "சி-யை மட்டும் ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாமா? டி-ல இருக்குறது எதுவும் போகாது." நாமும் தலையாட்டிவிடுவோம். அந்த ஒரு தலையாட்டலில் எது போகும், எது போகாது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சி, டி, ஈ... இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?

டிரைவுக்கு எழுத்து வைக்கும் பழக்கம் 1970-களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் மூலம் சின்ன கம்ப்யூட்டர்களில் பரவியது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஏ, பி இரண்டும் ஃபிளாப்பி டிரைவுக்குப் போனது. 1983-ல் ஐபிஎம் எக்ஸ்டி மாடலில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க் வந்தபோது அதற்குக் கிடைத்த அடுத்த எழுத்துதான் சி. ஃபிளாப்பி போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் இன்றைக்குக் கடையில் வாங்கும் புது லேப்டாப்பிலும் விண்டோஸ் சி-யில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏ-வும் பி-யும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. ஃபிளாப்பி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டரில் அவற்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. இந்த எழுத்து ஹார்ட் டிஸ்க்குக்குள் எழுதப்படுவதில்லை. 'இந்த டிஸ்க்குக்கு இந்த எழுத்து' என்று உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ்தான் தன் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் வீட்டில் ஜி என்று வரும் பென் டிரைவ், ஆபீஸில் ஈ என்று வருகிறது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அந்தக் குறிப்பும் சேர்ந்து போய்விடும், எழுத்துகள் இடம் மாறி வரலாம். எழுத்து மாறினாலும் சரி, இல்லாமலே போனாலும் சரி, உள்ளே இருக்கும் ஒரு போட்டோகூட அசையாது. ரேஷன் கடையில் டோக்கன் நம்பர் மாறினால் மூட்டையில் இருக்கும் அரிசி மாறுமா? அதே கதைதான்.

டிரைவ் தெரியலையா? இங்கே பாருங்க

டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ உள்ள 'கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ்' கொடுங்கள். எக்ஸ்பி என்றால் அதன் பெயர் 'மை கம்ப்யூட்டர்'. திறக்கும் ஜன்னலில் இடது பக்கம் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்திருந்தால்தான் இது வேலை செய்யும். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று கட்டம் கட்டமாக வரும். உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க் பொதுவாக 0. யுஎஸ்பியில் சொருகியது 1 அல்லது அதற்கு மேல்.

இப்போது காணாமல் போன டிரைவின் கட்டத்தைப் பாருங்கள். அளவு சரியாக இருக்கிறது, 'என்டிஎஃப்எஸ்' என்றோ 'ஃபேட் 32' என்றோ போட்டிருக்கிறது, 'ஹெல்தி' என்றும் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை. அப்படியென்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'ஆட்'. ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் அடுத்த நொடி டிரைவ் வந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் எழுத்தை மாற்றவும் இதே இடம்தான், 'ஆட்' என்பதற்குப் பதில் 'சேஞ்ச்'. 'ரிமூவ்' என்பது எழுத்தை மட்டும் எடுத்துவிடும், ஃபைலை அழிக்காது.

எழுத்து ஏன் காணாமல் போகிறது? ஆபீஸிலோ கடையிலோ நெட்வொர்க் டிரைவுக்கு எஃப் என்று கொடுத்து வைத்திருப்பார்கள். பென் டிரைவும் அதே எஃப்-க்கு வந்து மோதும். எக்ஸ்பியில் இது தினசரித் தலைவலி. முன்பு யாரோ 'ரிமூவ்' கொடுத்துவிட்டு மறந்திருக்கலாம். பழைய டெஸ்க்டாப்பில் முன்பக்கம் மெமரி கார்டு சொருக நாலு ஓட்டை இருக்குமே, அது ஒவ்வொன்றும் ஆளுக்கொரு எழுத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எம்முக்கு மேல் தள்ளி, உதாரணத்துக்கு ஆர் அல்லது எக்ஸ் என்று வைத்தால் மோதல் குறையும். விண்டோஸ் அதை நினைவில் வைத்திருந்து அடுத்த முறையும் அதே எழுத்தையே கொடுக்கும்.

கட்டத்தில் 'ரா' என்று இருந்தாலோ, டிரைவைத் திறக்கும்போது 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டாலோ கதை வேறு. எழுத்து இருக்கிறது, உள்ளே இருப்பதைத்தான் விண்டோஸால் படிக்க முடியவில்லை. காரணம் டிஸ்க்கில் கோளாறாக இருக்கலாம், லினக்ஸிலோ மேக்கிலோ ஃபார்மட் செய்த டிஸ்க்காகவும் இருக்கலாம். 'கேன்சல்' கொடுங்கள். டிஸ்க்கைக் கழற்றுங்கள். இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பாருங்கள். அங்கேயும் அதே கேள்வி வந்தால், டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் போகும்வரை அதில் எதையும் எழுத வேண்டாம். மீட்பு வேலை எவ்வளவு தூரம் நடக்கும் என்பது, அதன் மேல் புதிதாக எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

செத்துப்போன பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு கொசுறு. டிரைவ் வந்துவிடும், ஆனால் பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று சொல்லும். பயப்படாமல் 'கன்டினியூ' கொடுத்துக் காத்திருங்கள். ஃபைல் அதிகம் என்றால் கொஞ்ச நேரம் எடுக்கும்.

அரசு லேப்டாப்பில் தொடக் கூடாத கட்டம்

ஆரம்ப வருஷங்களில் வந்த அரசு லேப்டாப்களில் இரண்டு இயங்குதளம் இருந்தது நினைவிருக்கிறதா? ஆன் செய்ததும் ஒரு பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டாவதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அது டிஸ்க்கில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதி எழுத்தும் இல்லாமல், ஃபைல் வகையும் இல்லாமல் வெறும் 'ஹெல்தி' என்று நிற்கும். விண்டோஸுக்கு லினக்ஸ் ஃபைல் முறையைப் படிக்கத் தெரியாது. அதில் ரைட் கிளிக் செய்தால் விண்டோஸ் 7-ல் மற்றவை எல்லாம் மங்கலாக இருக்கும், 'டெலீட் வால்யூம்' மட்டும் பளிச்சென்று அழுத்தத் தயாராக இருக்கும். 'சும்மா கிடக்குற இடம்தானே, எடுத்துக்கலாம்' என்று அழித்தால் என்ன ஆகும்? ஆன் செய்ததும் வரும் அந்தப் பட்டியலைக் காட்டுவது லினக்ஸோடு வந்த 'கிரப்' என்ற சின்ன புரோகிராம். அதன் பெரும்பகுதி லினக்ஸ் பகுதிக்குள்தான் இருக்கிறது. அது போய்விட்டால் அடுத்த முறை லினக்ஸும் வராது, விண்டோஸும் வராது. கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வரும்.

அப்போதும் உங்கள் போட்டோக்கள் பத்திரமாகத்தான் இருக்கும். விண்டோஸ் 7 ரிப்பேர் டிஸ்க் போட்டு பூட் பகுதியைச் சரிசெய்தால் போதும். ஆனால் இதைப் பார்த்துப் பதறிப்போய் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், அங்கே மொத்த டிஸ்க்கையும் ஃபார்மட் செய்து கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் போச்சு.

சுமார் 100 எம்பி அளவில் 'சிஸ்டம் ரிசர்வ்ட்' என்று ஒரு குட்டிக் கட்டமும் இருக்கலாம். அது விண்டோஸ் தொடங்குவதற்கானது, எழுத்து இல்லாமல் இருப்பதுதான் சரி. அதை விட்டுவிடுங்கள். சி-யின் எழுத்தை மாற்றலாமா என்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டே விடாது. குறுக்கு வழி இருக்கிறது என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்து முயல வேண்டாம். விண்டோஸின் ஆயிரக்கணக்கான குறிப்புகள் சி என்ற எழுத்தை நம்பித்தான் இருக்கின்றன.

எழுத்தை மாற்றினால் எது உடையும்?

டி, ஈ மாதிரி மற்ற டிரைவ்களை மாற்றும்போது விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். டிரைவ் எழுத்தை நம்பியிருக்கும் சில புரோகிராம்கள் சரியாக ஓடாமல் போகலாம், தொடரவா என்று. யாரும் படிப்பதில்லை, நேரே 'எஸ்'தான். வீட்டில் பாட்டும் படமும் வைத்திருக்கும் டிரைவ் என்றால் பரவாயில்லை. கடைக் கம்ப்யூட்டர் என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்குப் பிறகு அடோபி இன்டிசைனுக்குப் போய்விட்டது. ஆனால் பழைய தமிழ் ஃபான்ட்டில் பழகிய கைகள் சுலபத்தில் விடுவதில்லை, அதனால் அந்த மென்பொருளுக்காகவே பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் உண்டு. பேஜ்மேக்கரில் பெரிய படங்களைப் பெரும்பாலும் ஃபைலுக்குள் சேர்க்காமல் 'லிங்க்' ஆக வைப்பார்கள். அதாவது 'ஈ டிரைவ், இந்த ஃபோல்டர், இந்தப் படம்' என்ற முகவரி மட்டும்தான் பக்கத்தில் இருக்கும். ஈ எஃப் ஆகிவிட்டால் முகவரி தப்பு. திரையில் மங்கலாக ஒரு மாதிரிப் படம் தெரிந்துகொண்டே இருக்கும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தோன்றும். அவசரத்தில் அப்படியே பிரிண்ட் கொடுத்தால் பத்திரிகையின் மேலே இருக்கும் குலதெய்வம் கட்டம் கட்டமாக வந்து நிற்பார். முகூர்த்தச் சீசனில் ஐந்நூறு பத்திரிகை இப்படிப் போனால் நஷ்டம் கடைக்காரருக்கு.

டாலியும் அப்படித்தான். கணக்கு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதையை அது பிடித்து வைத்திருக்கும். எழுத்து மாறினால் கம்பெனிப் பட்டியல் காலியாகத் தெரியும். 'மூணு வருஷக் கணக்கு போச்சே' என்று தலையில் கை வைக்க வேண்டாம். கம்பெனியைத் தேர்வு செய்யும் இடத்தில் பாதையைப் புது எழுத்துக்கு மாற்றிக் கொடுத்தால் வந்துவிடும். பதற்றத்தில் அதே பெயரில் புதுக் கம்பெனி உருவாக்கி அதில் பில் போட ஆரம்பித்தால்தான் சிக்கல், பிறகு இரண்டு கணக்கையும் சேர்த்து முடிவதற்குள் ஆடிட்டர் அழுதுவிடுவார்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். ஓஎஸ் மாற்றிய பிறகோ, புது டிஸ்க் போட்ட பிறகோ எழுத்து இடம் மாறியிருந்தால், மென்பொருள் ஒவ்வொன்றிலும் போய்த் திருத்திக்கொண்டிருக்காமல் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்துவிடுங்கள். அந்த எழுத்தை டிவிடி டிரைவ் பிடித்திருந்தால், முதலில் டிவிடியை இசட்டுக்கு நகர்த்திவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள். கடைக்கு விடுவதற்கு முன்னாலேயே எந்த டிரைவுக்கு எந்த எழுத்து என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

ஐகான்: எது நிழல், எது நிஜம்?

டெஸ்க்டாப்பில் இருப்பது எல்லாமே ஒரே மாதிரி தெரிந்தாலும் இரண்டு ஜாதி உண்டு. இடது கீழ் மூலையில் குட்டி அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், வெறும் வழிகாட்டி. அதை அழித்தால் புரோகிராம் போகாது. அம்புக்குறி இல்லாத வேர்ட் ஃபைல், போட்டோ, ஃபோல்டர் எல்லாம் நிஜச் சரக்கு. அதை அழித்தால் அதுவே போய்விடும்.

'கம்ப்யூட்டர்', 'ரீசைக்கிள் பின்' ஐகான்கள் காணாமல் போனால் திரும்பக் கொண்டுவர, விண்டோஸ் 7-ல் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், 'பர்சனலைஸ்', 'சேஞ்ச் டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்பார்கள். அரசு லேப்டாப் வைத்திருப்பவர்கள் தேடித் தேடிப் பார்த்தாலும் 'பர்சனலைஸ்' இருக்காது. கோளாறு இல்லை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் குறைந்த விலைக் கம்ப்யூட்டர்களுக்காகக் கை, காலைக் கட்டி விட்ட பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் ரேம் எடுக்காது, கண்ணாடி மாதிரி மின்னும் ஏரோ கிடையாது, வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது! ஒரு பதினேழு வயசுப் பிள்ளை கையில் முதல் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, தலைவர் படத்தை வால்பேப்பராக வைக்க முடியாது என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? ஐகானுக்கு மட்டும் வழி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் 'ஐகான்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றை அடித்தால், டெஸ்க்டாப்பில் பொதுவான ஐகான்களைக் காட்டவா மறைக்கவா என்ற வரி வரும். அதைத் திறந்து டிக் போடலாம், அங்கேயே 'சேஞ்ச் ஐகான்' கொடுத்து அவற்றின் படத்தையும் மாற்றலாம். எக்ஸ்பியில் டெஸ்க்டாப் ரைட் கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'டெஸ்க்டாப்' பக்கம், 'கஸ்டமைஸ் டெஸ்க்டாப்'.

ஷார்ட்கட்டின் படத்தை மாற்ற அதில் ரைட் கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'சேஞ்ச் ஐகான்'. ஃபோல்டர் என்றால் ப்ராபர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பக்கம். விண்டோஸே வைத்திருக்கும் படங்கள் நிறைய, நீங்களே ஐகான் ஃபைல் செய்தும் போடலாம். ஆனால் அந்த ஐகான் ஃபைலைப் பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ வைத்து இணைக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றினாலும், எழுத்து மாறினாலும் படம் போய் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். சி-க்குள் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வைத்து இணையுங்கள்.

இப்போது அந்த 'சி-யை மட்டும் ஃபார்மட்' விஷயத்துக்கு வருவோம். டெஸ்க்டாப் என்பது தனி இடம் இல்லை. அது சி டிரைவுக்குள், உங்கள் யூசர் பெயரில் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமும் அதன் பக்கத்திலேயே. அண்ணாமலை நகரில் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் வரை டெஸ்க்டாப்பிலேயே 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று வைத்திருக்கும் மாணவர்கள் கவனிக்க. சி ஃபார்மட் ஆனால் அவை அனைத்தும் காலி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, டி-யில் இருப்பது போகாதுதான். ஆனால் உங்களுடையது எதுவும் டி-யில் இல்லை!

டெஸ்க்டாப்பையே டி-க்கு மாற்றிவிட முடியும். முதலில் டி-யில் 'டெஸ்க்டாப்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு சி டிரைவ், 'யூசர்ஸ்', உங்கள் பெயர் என்று போய் அங்கே இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் ரைட் கிளிக், 'ப்ராபர்ட்டீஸ்', 'லொக்கேஷன்', 'மூவ்'. டி-யில் உருவாக்கிய ஃபோல்டரைக் காட்டினால் ஃபைல்கள் இடம் மாறிவிடும். வெறும் டி டிரைவையே காட்டிவிடாதீர்கள், டி-யில் இருக்கும் எல்லாமே டெஸ்க்டாப்பில் வந்து கொட்டும், திருப்புவது பெரும்பாடு. இதைச் செய்துவிட்டால் டி-யின் எழுத்தை அதன்பின் மாற்றக் கூடாது.

டி-யும் அதே ஹார்ட் டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான் என்பதையும் மறக்க வேண்டாம். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்துதான் போகும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை என்று பார்த்த மாவட்டம் இது. தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது தூக்கிக்கொண்டு ஓடத் தோதான ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், முடிந்தால் ஆன்லைனிலும், இன்னொரு பிரதி இருக்கட்டும்.

பென் டிரைவில் எல்லாமே ஷார்ட்கட் ஆயிடுச்சே!

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ். நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் போலி ஐகான் வைத்திருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஏறிவிடும். எதையும் திறக்காமல், விண்டோஸ் 7-ல் 'ஆர்கனைஸ்' மெனுவில் 'ஃபோல்டர் அண்ட் சர்ச் ஆப்ஷன்ஸ்', 'வியூ' பக்கம் போங்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்வு செய்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை என்பதில் இருக்கும் டிக்கை எடுங்கள். நிஜ ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும், அதையும் பாருங்கள். உங்கள் போட்டோ, டாக்குமெண்ட்டை மட்டும் வேறு இடத்துக்குக் காப்பி செய்து, ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்யுங்கள். சரியாக இருக்கிறது என்று திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம். இந்தக் கட்டுரையில் அந்தப் பட்டனை அழுத்தச் சொல்லும் ஒரே இடம் இதுதான். முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போட மறக்க வேண்டாம், மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைலைத் தெரியாமல் அழித்துவிடுவோம்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. போட்டோ பார்க்க, பழைய பேஜ்மேக்கர் ஓட்ட அந்த லேப்டாப் போதும். நெட்பேங்கிங்கை மட்டும் அதில் திறக்காதீங்க.

கடைசியாக, எழுத்து எது என்று நினைவு வைப்பதே தொல்லை என்பவர்களுக்கு ஒரு சுலப வழி. 'கம்ப்யூட்டர்' ஜன்னலில் டிரைவ் மேல் ரைட் கிளிக், 'ரீநேம்'. எழுத்துக்குப் பக்கத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம். இதனால் எந்தப் புரோகிராமும் உடையாது. என்டிஎஃப்எஸ் டிரைவில் 'குடும்பப் படங்கள்', 'கடைக் கணக்கு' என்று தமிழிலேயே வைக்கலாம், 32 குறிகள் வரை ஏற்கும். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்காகும் என்பதால் பெயரைச் சின்னதாக வையுங்கள். ஃபேட் 32 பென் டிரைவுக்கு 11 எழுத்துதான், அதற்கு ஆங்கிலத்திலேயே வைத்துவிடுங்கள்.